பத்தடி தூரத்துக் குரல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டின் முன்பக்கங்களில் ரவிக்கை அளவுகள் இருக்கும். அவற்றை நான் எழுதவில்லை. அவற்றைத் தள்ளிவிட்டு இங்கிருந்து படியுங்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சின்னத் தெருவில், நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சுவரோரம் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. இருபத்தாறு வருடமாக அதே இடம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை பெண் பார்த்தாள். போன இடத்திலெல்லாம் நான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்ததில் ஒன்றும் அமையவில்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு சிநேகிதன். அவன் என்னை விட்டுப் போனதையும், ஏன் போனான் என்பது தெரியாமல் நான் இரண்டு வருடம் அவன்மேல் கோபமாக இருந்ததையும்தான் எழுதப்போகிறேன்.

அவன் தையல்காரன். அதே குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருந்தான். என் வண்டிக்கும் அவன் மிஷினுக்கும் பத்தடி தூரம் இருக்கும். அடையாற்றுக் கரையில் குடிசைகளாக இருந்து பிறகு ஓட்டு வீடுகளான ஒரு இடத்தில் பெண்டாட்டியோடும் ஒரே மகளோடும் இருந்தான். அவன் குரல் தவில் மாதிரி. வயிற்றிலிருந்து வரும். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் துணி போட்டு மூடும்வரை பேசுவான். நான் பேசமாட்டேன். கேட்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான் ஓடியது.

“இன்னா நைனா, மூணாவது மாடி ஐயரு வேட்டிய இப்டி மடிக்கிற? அவுரு வயித்துக்கு நாலு முழம் வுடணும், தெரியும்ல?” என்பான்.

“போப்பா” என்பேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

அவன் மகள் பாவாடை சட்டையில் அங்கே விளையாடியதிலிருந்து எனக்குத் தெரியும். அவள் பள்ளிக்கூடத்து யூனிபார்மை தினமும் நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். என்னை மாமா என்று கூப்பிடுவாள். தெருவில் நிறையப் பேர் என்னை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் தப்பில்லை, நான் அதுதானே. ஆனாலும் மாமா என்று அந்தப் பெண் ஒருத்திதான் கூப்பிட்டாள்.

எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. அவன் மகள் வேலைக்குப் போக ஆரம்பித்த சமயமாக இருக்கலாம். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது. உதடு அசையும். ஒரு முனகல் வரும். என்ன சொன்னான் என்று பிடிபடாது. இரண்டு மூன்று தடவை “இன்னா?” என்று கேட்டேன். திரும்பச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. நான்காவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. சிரித்துத் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

என் காதைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. சைக்கிள் மணி கேட்டது. நான்காவது மாடி அம்மா கூடையைக் கயிற்றில் இறக்கிவிட்டு “இஸ்திரி, நாளைக்கே வேணும்” என்றால் தெளிவாகக் கேட்டது. டீக்கடையில் கரண்டி டம்ளரில் மோதுவதுகூடக் கேட்டது. இத்தனையும் கேட்கிற காதைச் செவிடு என்று யார் நினைப்பார்கள்? ஆகவே அவன்தான் மாறிவிட்டான் என்று வைத்துக்கொண்டேன். பெண் கம்பெனியில் வேலை செய்கிறாள், இனி இஸ்திரிக்காரனோடு என்ன பேச்சு என்று ஆகிவிட்டது போல. அவன் மட்டுமில்லை. டீக்கடைக்காரர், வாட்ச்மேன், மூன்றாவது மாடி ஐயர் எல்லோருமே என்னிடம் வாய்க்குள்ளேயே பேசுவதாகத் தோன்றியது. தெருவே என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது போல இருந்தது. பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் அவன் எழுந்து என் வண்டிக்கு வந்தான். அவன் அப்படி வரமாட்டான். இருந்த இடத்திலிருந்தே கத்துவதுதான் வழக்கம். அன்றைக்கு மிஷினை நிறுத்தி, கால்சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். கையைப் பின்னால் கட்டியிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி பேசினான். அந்த நேரம் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்து நின்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பேசினான். லாரியைப் பற்றியோ, தண்ணீர் வராததைப் பற்றியோ சொல்கிறான் என்று நினைத்தேன். என் கையில் ஒரு வெள்ளைச் சட்டை. காலர் தீய்ந்துவிடும் என்று கவனம் அதில் இருந்தது.

அவன் நிறுத்தியதும், “பாத்துக்கலாம்” என்றேன். காலரைத் திருப்பிப் போட்டேன்.

 அவன் திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்தான். அன்றைக்கு முழுக்க மிஷின் ஓடவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் வண்டியின் மேல் மகளின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வைத்திருக்கிறான். வெற்றிலை பாக்கு வைத்துக் கையில் கொடுக்கவில்லை, வாயால் வா என்றும் சொல்லவில்லை. அடிபட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் போனேன். தி.நகரில் ஒரு சின்ன மண்டபம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மாமன் முறைக்குக் கூப்பிட்டபோது யாரோ தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் தட்டோடு வந்து பெண்ணுக்கு மாலை போட்டு மணைக்கு அழைத்துப் போனார். அப்போது என் சிநேகிதன் கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு தடவை பார்த்தான். பார்த்தியா என் சொந்தத்தை என்று காட்டுவதாக நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தே மயிலாப்பூர் வந்தேன்.

அதற்குப் பிறகு பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை. ஆறு மாதத்தில் ஆற்றங்கரை வீடுகளை இடித்தார்கள். அவர்களுக்கு ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிப் பக்கம் வீடு கொடுத்தார்கள். அவன் மிஷினை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிய அன்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்று ஏதாவது சொன்னானா, எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது படிக்குக் கீழே எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

இரண்டு வருடம் போனது. வீட்டுக்கு வந்தால் சோறு வடிப்பேன். கருவாடு, ஊறுகாய், இல்லாவிட்டால் கடையில் வாங்கின வடை. ரேடியோவை வைத்தால் பெண்கள் பேசுகிற நிகழ்ச்சி மட்டும் வைப்பேன். ஏன் என்று யோசித்ததில்லை.

என் வண்டிக்கு எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தர் இருக்கிறார். சாந்தோம் கோயிலுக்குப் போகிறவர். அவருடைய கணவர் ஒருநாள் துணி கொடுத்துவிட்டுப் போனார். அவசரமாகத் தேவை என்று சொன்னாராம். நான் தலையாட்டிவிட்டு மூட்டையை ஓரமாக வைத்துவிட்டேன். மறுநாள் டீச்சரம்மாவே வந்தார்.

“இவர் நேத்து நிகழ்ச்சிக்குப் போட சட்டை இல்லாம நின்னாரு. சொன்னாராமே உங்ககிட்ட?”

“சொல்லலீங்கம்மா. வாய்க்குள்ளயே பேசுறாரு.”

“இவரா? இவர் வாய்க்குள்ள பேசுறாரா?” டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என் குரல் கேக்குது, இவர் குரல் மட்டும் கேக்கலையா? உங்களுக்கு வாய்ச்சது எனக்கு வாய்க்கலையே!”

சிரித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடக்கிறது என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தார். “வரலைன்னா அடுத்த வாரம் துணி தரமாட்டேன்” என்றார். டீச்சரிடம் எனக்கு எப்போதும் பயம். போனேன்.

முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒரு தடவை பார்த்து, என்னை உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினாள். நான்கு வருடம் முன்னால் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் தின்றேன். தலைசுற்றல் இல்லை, வலி இல்லை, எதற்கு என்று நிறுத்திவிட்டேன்.

பிறகு காது. முகாமுக்கு ஒரு வேன் வந்திருந்தது. அதற்குள் கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினை இயக்கினாள். நான் ஒரு காரியம் செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் விரல் அசையும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து அமுக்கினேன். தோற்றுப்போகக் கூடாது என்றுதான். காது கேட்காத இஸ்திரிக்காரன் என்று தெருவில் பேர் வந்துவிட்டால்?

கொஞ்ச நேரத்தில் அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு பைலை எடுத்துக் கைக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. முகாம் முடிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் கை அந்தப் பைலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

டாக்டர் ஒரு பெண். அதனால் அவர் சொன்னது முழுதும் எனக்குக் கேட்டது. ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு இடது பக்கம் கீழே கிடந்து, வலது பக்கம் மேலே ஏறியது.

“இந்தப் பக்கம் மெல்லிசு சத்தம். கீச்சுக் குரல், மணி, விசில். இது உங்களுக்கு நல்லாவே கேக்குது. இந்தப் பக்கம் தடிச்ச சத்தம். அது போயிருக்கு.”

“ரோட்டுல நிக்கிறேங்கம்மா. ஹாரன் சத்தம்.”

“சத்தத்துல கெட்டுப்போற காதுல பெரும்பாலும் மெல்லிசுதான் முதல்ல போகும். உங்களுக்கு மாறி இருக்கு. காதுக்குள்ள ரொம்பச் சின்ன ரத்தக் குழாய் இருக்கு. அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகையிலை, இதெல்லாம் இதயத்தைக் கெடுக்கிற மாதிரி அந்தக் குழாயையும் கெடுக்கலாம். இப்படிப்பட்ட காதோட வர்றவங்களுக்கு இதயத்தையும் பாத்துடச் சொல்லுவோம். அதனாலதான் இதுன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா பாக்காம விடக் கூடாது. அப்பா எப்படி இறந்தாரு?”

“நெஞ்சு வலிங்க. என் வயசுலதான்.”

அவர் பேனாவை வைத்துவிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல, “ஆம்பளைங்க பேசுறது மட்டும் முனகுற மாதிரி இருக்குமே? ரொம்ப அடிக்குரல்ல பேசுற யாராவது உங்க கூட இருக்காங்களா?” என்றார்.

எனக்குத் தெரிந்த குரல்களிலேயே தடித்த குரல் யாருடையது?  நான் தலையாட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டவர் ஆண். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். மத்தியானம் ஒரு நர்ஸம்மா வந்து என் சீட்டைப் பார்த்து, “உங்களத்தான காலைலேந்து கூப்பிட்டுக்கினு கீறாங்க! கூட யாரும் வரலியா?” என்றார்.

“யாரும் இல்லீங்க.”

“பேரு கூப்பிட்டா சொல்றதுக்காவது ஒரு ஆள இட்டுக்கினு வரக்கூடாதா?”

அப்படி ஒரு ஆளை நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு முகம்தான் வந்தது.

இதயத்தைப் பார்த்தார்கள். அழுத்தத்தினால் சுவர் தடித்திருக்கிறது, அடைப்பு இருக்கிற மாதிரி தெரியவில்லை, சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். மாத்திரையை நிறுத்தினால் அப்பா போன வழிதான் என்று தெளிவாகச் சொன்னார்கள். கருவாடும் ஊறுகாயும் கூடாது. போன கேட்கும் சக்தி திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், காதுக் கருவிக்கு மனு போடலாம் என்றார்கள். கருவி வர நாளாகுமாம்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடையாறு போய் பஸ் மாறி, செம்மஞ்சேரிப் பக்கம் போனேன். ஒரே மாதிரி அடுக்கு வீடுகள். தையல்காரர் வீடு என்று கேட்டுக் கேட்டு மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. நடைபாதையிலேயே மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தான். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான். துணியைத் திருப்பி மறுபடி தைத்தான்.

மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. “மாமா” என்றாள். அந்த வார்த்தையில் எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

 பையிலிருந்து தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எனக்கு ஆம்பிளைக் குரல் கேட்பதில்லை, மூன்று நான்கு வருடமாகவே கேட்கவில்லை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று முதல் தடவையாக வாயைத் திறந்து ஒருத்தரிடம் சொன்னேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அப்ப, அப்பா உங்ககிட்ட கேட்டது?”

“இன்னா கேட்டாரு?”

“எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல மாமா. என் கல்யாணத்துல நீங்கதான் மாமன் மொற செய்யணும்னு அப்பா கேட்டாரு. மூணு நாளா எங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டு வந்து கேட்டாரு. நீங்க பாத்துக்கலாம்னு சொல்லிட்டீங்களாமே. வூட்டுக்கு வந்து சோறே துண்ணல.”

மிஷின் நின்றிருந்தது. அது நின்றதை நான் அவன் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் பெண்டாட்டி டீயைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். “காது போனா போவுது. வாய் இருந்துச்சுல்ல? கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா?” என்றாள். அவள் குரல் நன்றாகவே கேட்டது. அவள் கேட்டதில் தப்பும் இல்லை.

அவன் கையை நீட்டித் தாளை வாங்கினான். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஏதோ சொன்னான். எனக்கு வெறும் முனகல். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“தோள்பட்ட ஒரு பக்கம் எறங்கிக்கினு கீது, எவன் கட் பண்ணான் இதன்னு கேக்குறாரு மாமா.”

நானும் சிரித்தேன். இந்தத் தடவை என்ன சொன்னான் என்று தெரிந்து சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. மறுபடி ஏதோ சொன்னான். மகள், “மாத்திர ஒழுங்கா துண்றியான்னு கேக்குறாரு” என்றாள். ஆமாம் என்றேன். அவன் மிஷின் டிராயரைத் திறந்து ஒரு டப்பாவைக் காட்டினான். பொத்தான் போட்டு வைக்கிற டப்பாவில் அவனுடைய மாத்திரைகள். அவனுக்கும் அழுத்தம். எனக்குத் தெரியாது. எப்போதாவது சொல்லியிருப்பான், பத்தடி தூரத்திலிருந்து.

பிறகு அளவு நோட்டை எடுத்தான். காதில் செருகியிருந்த பென்சிலால் ஒரு புதுப் பக்கத்தில் எழுதினான். அவனும் என்னைப் போலத்தான், எழுத்துக்கூட்டி எழுதுகிறவன். நோட்டை என் பக்கம் திருப்பினான். ‘கேக்கலன்னு எங்கிட்ட ஏன் சொல்லல.’

பென்சிலை நீட்டினான். நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிவிட்டது. குழந்தை அழுதது. எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை. கடைசியில் அவன் நோட்டை மூடி என் மடியில் வைத்தான். மகளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான்.

“எழுதிக்கினு வரச் சொல்றாரு மாமா.”

அவன் வாசல்வரை வரவில்லை. படியிறங்கும்போது மிஷின் ஓட ஆரம்பித்திருக்கும். கைப்பிடிக் கம்பியில் லேசாக ஒரு அதிர்வு இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை என்று எழுதினேன். அடித்துவிட்டேன். உன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டேன் என்று எழுதினேன். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. வெட்கம் என்றும் எழுதிப் பார்த்தேன். பக்கங்கள்தான் வீணாயின. அதனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதினால் பதில் தானாக வரும் என்று இப்படி எழுதிக்கொண்டு வந்தேன்.

வண்டியில் நின்று பேசுகிறவர்களிடம் இப்போது சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள் என்று. மூன்றாவது மாடி ஐயர் கையைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார். யாரும் துணியை நிறுத்தவில்லை. காலையில் மாத்திரை போட்டுவிட்டுத்தான் கரி மூட்டுகிறேன். வீட்டில் உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்தத் தவில் குரல் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். கருவி வந்தால் கேட்கலாம் என்கிறார்கள். கேட்டாலும் அதே மாதிரி இருக்காது என்றும் சொல்கிறார்கள்.

பதில் இதுதான். கேட்கவில்லை என்று சொன்னால் நீ பேசுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்தடி தூரத்தில் நீ பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது. என்னிடம் வேறு யாரும் அவ்வளவு பேசியதில்லை.

இதை எடுத்துக்கொண்டு இன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

தை மாதம் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.